இரண்டு மணிக்கு முன்னால் இருபது நிமிடம்

பாட்டில் தொழிற்சாலையின் உலையை யாரும் அணைக்க மாட்டார்கள். அணைத்தால் உள்ளே உருகி நிற்கும் கண்ணாடி இறுகிப்போய், உலையையே இடித்தெடுக்க வேண்டி வரும். அதனால் வருஷம் முழுக்க அது எரியும். அது எரிகிற வரைக்கும் பக்கத்தில் ஆள் நின்றாக வேண்டும். காலை ஆறு மணி ஷிப்ட், மதியம் இரண்டு மணி ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று நாளை மூன்றாக வெட்டி வைத்திருந்தார்கள். பெண்களுக்கு முதல் இரண்டு மட்டும்.

வெட்டிய துண்டுகளை ஒட்டவைக்கிற வேலை டைம் ஆபீஸுடையது. அங்கே சைரன் பொத்தானை அழுத்துகிற பொறுப்பு இளம் எழுத்தர் ஒருத்தியிடம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், கடிகாரத்தைத் தப்பாகப் பார்த்து, ஒரு மணி நேரம் முன்னதாகவே அழுத்திவிட்டாள். பாதித் தொழிற்சாலை கையை உதறிக்கொண்டு எழுந்து, கேட் வரைக்கும் வந்துவிட்டது. திரும்ப அவர்களை உள்ளே அனுப்புவதற்குள் மேஸ்திரிகளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அன்றைக்கு ஒட்டிய பேர்தான் சைரனக்கா. அப்போது அவளுக்கு இருபத்தைந்துகூட முடியவில்லை. அப்பா வயதுக்காரர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

டைம் ஆபீஸின் ஒரே ஜன்னல் கொட்டகையைப் பார்த்து இருந்தது. கேட்டுக்கு உள்ளே நுழைந்ததும் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. இரண்டு பக்கமும் பெஞ்சு. நடுவில் குடிதண்ணீர்ப் பீப்பாய். மதிய ஷிப்ட் ஆட்கள் ஒன்று நாற்பதுக்கே வந்துவிடுவார்கள். தன் இடத்துக்கான ஆள் கொட்டகைக்கு வந்துவிட்டால், எந்திரத்தைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிட்டுக் காலை ஷிப்ட்காரர் எழுந்து வரலாம். இரண்டு மணி சைரனுக்குள் எல்லோரும் மாறிக்கொண்டால் போதும். யார் முதலில் எழுவது, யார் கடைசியில் என்பதை அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். இந்த ஏற்பாட்டை யார் செய்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. எந்தக் காகிதத்திலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

அந்த இருபது நிமிடத்தில் கொட்டகைக்குள் ஒரு சந்தையே நடக்கும். பாட்டிலை வார்க்கிற அச்சு எந்திரத்துக்காரர்கள் பெஞ்சின் மேல் சாக்கட்டியால் வட்டம் போட்டு, "நாலாம் நம்பர் அச்சு இன்னிக்கு ரொம்ப சூடாகுது, எண்ணெய்த் துணியை அடிக்கடி போடு" என்று அடுத்த ஆளுக்கு விளக்குவார்கள். ஒருத்தி வாரப் பத்திரிகையைத் தொடர்கதைப் பக்கத்தில் மடித்துக் கொடுப்பாள். ஒருத்தர் தன் மாமியாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, சைரன் அடித்ததும் பாதியில் நிறுத்தி, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைகள் கைமாறும்.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் அங்கேயே வேலை என்றால், ஒருவர் காலை, ஒருவர் மதியம் என்று கேட்டு வாங்கிக்கொள்வார்கள். மதிய ஷிப்டுக்கு வருகிறவர் குழந்தையோடு வருவார். காலை ஷிப்டிலிருந்து வெளியே வருகிறவர் வாங்கிக்கொண்டு போவார். கூடவே ஒரு துணிப்பை, பால் புட்டி, ஒரு சின்ன அறிக்கை. மூக்கு ஒழுகுகிறது, தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே. காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லை, சும்மா அழுகிறாள் என்று நினைக்காதே. ஒரே நேரத்தில் பதினான்கு குழந்தைகள் வரைக்கும் அந்தக் கொட்டகையில் சைரனக்கா எண்ணியிருக்கிறாள். கேட் வாட்ச்மேன் பெரியவருக்கு எந்தப் பை எந்தக் குழந்தையுடையது என்பது தலைகீழாகத் தெரியும். யாராவது பையை மாற்றி எடுத்தால் தெருமுனை வரை ஓடிப்போய் மாற்றிக் கொண்டுவருவார்.

அந்தப் பதினான்கில் ஒன்று பூதத்தின் மகள்.

பூதம் என்பது பூதக்கண்ணாடியின் சுருக்கம். பாட்டில் பொறுக்குகிற பிரிவில் அவளுக்கு வேலை. வெளிச்சம் போட்ட வெள்ளைக் கண்ணாடிக்கு முன்னால் பெல்ட்டில் வரிசையாகப் பாட்டில் வரும். குமிழி இருப்பது, கழுத்து கோணலானது, மயிரிழை விரிசல் விட்டது எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எடுத்து உடைசல் தொட்டியில் போட வேண்டும். மற்றவர்கள் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துச் சொல்வதை, அவள் போகிற போக்கில் பார்த்துச் சொல்வாள். அடுத்த வருஷம் பிரிவு மேற்பார்வை அவளுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவளும் அதற்குத் தயாராக, இரண்டு நல்ல சேலை எடுத்து வைத்திருந்தாள். அவள் புருஷன் அச்சு எந்திரத்தில் எண்ணெய்த் துணி போடுகிறவர். எண்ணெய்க்கார அண்ணன் என்பார்கள். பூதம் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். அதையும் யோசித்துத்தான் பேசுவார்.

குழந்தையை வாங்கிக்கொண்டதும் பூதம் நேரே டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வருவாள். ஜன்னல் திண்டில் குழந்தையை உட்கார வைத்துவிட்டு, சைரனக்காவின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து எட்டிப் பார்ப்பாள். உப்பு போட்டாயா, காரம் போட்டாயா என்று விசாரணை நடக்கும். அதற்குள் குழந்தை தேதி முத்திரையை எடுத்துத் தன் கையிலேயே குத்திக்கொள்ளும்.

"ஐயோ, இன்னிக்குத் தேதி போட்டாச்சு, இனிமே திருப்பி எடுத்துக்க மாட்டாங்க," என்பாள் பூதம். தினமும் அதே நகைச்சுவைதான். தினமும் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

புது மேனேஜர் வந்தது அந்த நாட்களில்தான். தலைமை அலுவலகத்திலிருந்து அனுப்பப்பட்டவர். கெட்டவர் இல்லை, யாரையும் வா போ என்று பேச மாட்டார், ஆனால் நின்று பேசவும் மாட்டார். கூட்டத்தைக் கண்டால் அவருக்கு மூச்சு முட்டும். வந்த முதல் வாரமே ஒன்று நாற்பதுக்குக் கொட்டகை ஓரமாக வந்து நின்று பார்த்தார். குழந்தை அழுகை, சாக்கட்டி, மாமியார் கதை எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு டைம் ஆபீஸுக்குள் வந்து, இந்த நெரிசலுக்கு ஒரு வழி கண்டுபிடிக்க முடியுமா என்று சைரனக்காவிடம் கேட்டார். தலைமை எழுத்தரைக் கேட்காமல் அவளைக் கேட்டார். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதலாக வந்தவள் என்பதை எப்படியோ தெரிந்து வைத்திருந்தார்.

ஒன்பது நாள் அவள் ஸ்டாப் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டருகே நின்றாள். எத்தனை பேர் எத்தனை நிமிடத்தில் நுழைகிறார்கள், எத்தனை பேர் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்கிறார்கள் எல்லாவற்றையும் குறித்தாள். பிறகு கட்டம் போட்ட தாளில் சிவப்பு மையாலும் நீல மையாலும் திட்டம் வரைந்தாள். கிழக்கு கேட் உள்ளே வர மட்டும். பின் தெருவைப் பார்த்த மேற்குச் சுவரை உடைத்து இன்னொரு கேட், வெளியே போக மட்டும். இரண்டிலும் அட்டை குத்துகிற கடிகாரம். இரண்டு மணிக்கு ஒரே சைரன். அதற்கு முன் யாரும் இடத்தைவிட்டு எழக் கூடாது, அதற்குப் பின் யாரும் உள்ளே வரக் கூடாது. நெரிசல் சுத்தமாக இல்லாமல் போகும். ஆளுக்கு இருபது நிமிட வேலை நேரம் மிச்சம்.

அந்த ஒன்பது நாளும் அவள் வாழ்க்கையில் மிகச் சந்தோஷமான நாட்களில் சேரும் என்பதைப் பிற்பாடு அவள் யாரிடமும் சொன்னதில்லை. தூக்கத்திலும் கோடு போட்டாள். ஒரே ஒரு தடவை, சிவப்புக் கோட்டை மேற்கே இழுக்கும்போது கை நின்றது. உள்ளே வரும் அப்பாவும் வெளியே போகும் அம்மாவும் இனி எங்கே சந்திப்பார்கள்? இரண்டு கேட்டுக்கும் நடுவில் சுவரைச் சுற்றிப் பத்து நிமிட நடை. பூதம் ஞாபகத்துக்கு வந்தாள். பூதம் கெட்டிக்காரி, எதையாவது செய்து சமாளித்துக்கொள்வாள் என்று நினைத்தாள். கோட்டை இழுத்து முடித்தாள்.

திட்டம் மேனேஜருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார். தலைமை எழுத்தர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலியில் சைரனக்காவை உட்கார வைத்தார். தனி அறை, மேசை விசிறி, உடைசல் குவிக்கிற முற்றத்தைப் பார்த்த ஜன்னல். கொட்டகை அங்கிருந்து தெரியாது.

புது ஏற்பாடு தொடங்கிய மறுநாளே கொட்டகை காலியாகிவிட்டது. சில குழந்தைகளைப் பாட்டிமார் பார்த்துக்கொண்டார்கள். சில குழந்தைகளைச் சொந்த ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பூதத்துக்கும் அவள் புருஷனுக்கும் அப்படி யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒரு வாரம் பார்த்துக்கொண்டாள். அப்புறம் தன் இடுப்புவலியைச் சொல்லிக் கை விரித்துவிட்டாள். எண்ணெய்க்காரர் குழந்தையோடு மேற்கு கேட்டில் நின்று பூதத்திடம் கொடுத்துவிட்டு, கிழக்கு கேட்டுக்கு ஓடினார். ஓடிப் பார்த்த இரண்டு தடவையும் கேட் மூடிவிட்டது. இரண்டு தடவையும் அரை நாள் விடுப்பு எழுதினார்கள்.

மூன்றாம் வாரம் அவர் வேறு வழியில்லாமல் குழந்தையை வாட்ச்மேன் பெரியவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார். பெரியவர் தோளில் குழந்தையும் கையில் பையுமாகச் சுவரைச் சுற்றி நடந்து, மேற்கு கேட்டில் பூதத்திடம் சேர்த்துவிட்டு வந்தார். நான்கு நாள் அப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள் மேனேஜர் காரில் வந்தபோது கிழக்கு கேட்டில் ஆளே இல்லை. காவல் இடத்தை விட்டுப் போனதற்குப் பெரியவருக்கு மெமோ கொடுக்கச் சொன்னார். மெமோ டைம் ஆபீஸிலிருந்துதான் போக வேண்டும். சைரனக்கா எழுதினாள். எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பெரியவர் வாங்கிப் படித்துவிட்டு, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த திங்கட்கிழமை காலை பூதம் வந்தாள். வேலை உடுப்பு இல்லாமல், எடுத்து வைத்திருந்த நல்ல சேலையில் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"முத்திரை குத்திக் குடு."

அவசரப்படாதே, ஒரு மாதம் பார்க்கலாம், மேனேஜரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று சைரனக்கா என்னென்னவோ சொன்னாள். சொல்லும்போதே தன் குரல் தனக்கே வேற்று ஆள் குரலாகக் கேட்டது. பூதம் அவளைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக எதிரே அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழகாத்தான் போட்டிருக்கே," என்றாள். "இந்தச் செவப்புக் கோட்டுல நானு. அந்த நீலக் கோட்டுல எம் புருஷன். எம் பொண்ணை எந்த மையில போட்ட?"

 சைரனக்கா முத்திரையை எடுத்துத் தேதி குத்தினாள். பூதம் நகலை வாங்கிக்கொண்டு மேற்கு கேட் வழியாகப் போனாள்.

அதற்கப்புறம் சைரனக்காவுக்கு அந்தத் தனி அறை பிடிக்காமல் போயிற்று. வேலை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. முன்பைவிட ஒழுங்காகவே நடந்தது. விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்ப்பாள். கழித்துப் போட்ட பாட்டில்களை அங்கேதான் கொட்டி வைப்பார்கள். நொறுக்கித் திரும்ப உலையில் போடுவதற்காக. வெயிலில் பச்சையும் பழுப்புமாக அந்தக் குவியல் மின்னும். இரண்டு மாதம் போனபின் அவளுக்கு ஒன்று உறுத்தியது. குவியல் ஜன்னல் திண்டுக்கு மேலே வளர்ந்திருந்தது.

மழை ஈரமோ, மணல் சரியில்லையோ என்று முதலில் நினைத்தாள். பிறகு ஒருநாள் வேலை நேரத்தில் எந்திரப் பக்கம் போய் எண்ணெய்க்காரரிடமே கேட்டாள். பூதம் போனபிறகு அவரிடம் அவள் பேசுவது அதுதான் முதல் தடவை. உலையின் அனலில் முகம் காந்தியது. அவர் துணியை எண்ணெயில் முக்கிப் பிழிந்துகொண்டே நிதானமாக யோசித்தார்.

"யாரு யாருகிட்ட சொல்றது தங்கச்சி?" என்றார். "காலைல நின்னவன் அந்த கேட்ல போறான். நான் இந்த கேட்ல வரேன். எந்த அச்சு மக்கர் பண்ணுதுன்னு அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியறதுக்கு ஒரு மணி நேரம் ஆவுது. அந்த ஒரு மணி நேரமும் கோணல் பாட்டில்தான்."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பித் தன் அச்சைப் பார்க்கப் போய்விட்டார்.

சைரனக்கா மறுபடியும் ஸ்டாப் வாட்சை எடுத்தாள். பதினைந்து நாள், இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை, பொறுக்கும் பெல்ட்டின் ஓரத்தில் நின்றாள். பூதம் காலையில் உட்கார்ந்த முக்காலியில், மதிய ஷிப்டுக்குப் புதிதாக வந்த ஒரு பெண் இருந்தாள். பாவம், பாட்டிலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக் கண் சிவந்து போயிருந்தாள். தொட்டியில் விழுகிற ஒவ்வொரு பாட்டிலையும் சைரனக்கா எண்ணினாள். ஷிப்ட் மாறிய முதல் ஒரு மணி நேரத்தில் மட்டும் முன்பைவிட இரண்டரை மடங்கு விழுந்தது. மிச்சம் பிடித்த இருபது நிமிடத்தை அந்த ஒரு மணி நேரம் தின்று ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது.

அறிக்கை எழுதினாள். மூன்று பக்கம். முதல் பக்கத்தில் குழந்தைகளைப் பற்றி எழுதினாள்: பதினான்கு பேர் இருந்தார்கள், ஐந்து பெண்கள் வேலையை விட்டார்கள் என்று. அடுத்த இரண்டு பக்கத்தில் பாட்டில்களைப் பற்றி. மேனேஜர் நின்றபடியே வாங்கினார். முதல் பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பினார். இரண்டாம் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து படித்ததை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

முதல் பக்கத்தையும் கொஞ்சம் படிக்கச் சொன்னாள் அவள். படித்தாயிற்று என்றார் அவர். அது நம்மால் ஆகிற காரியம் இல்லை, வீட்டு விஷயத்தை வீட்டில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகத்தான் சொன்னார். பிறகு, பத்து நிமிடம் கொடுத்தால் போதுமா என்று கேட்டார். இருபது வேண்டும் என்றாள் அவள். பத்து நிமிடத்தில் நாலு அச்சைப் பற்றிச் சொல்லலாம். எந்திரத்தில் எட்டு அச்சு இருக்கிறது என்றாள். மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்குவதுபோல் ஏறி இறங்கி, கடைசியில் பதினைந்துக்கு வந்தார்கள். ஆள் ஆளிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், அதற்கு எல்லோரும் கிழக்கு கேட்டையே பயன்படுத்த வேண்டும் என்று அவள் ஒரு வரி சேர்த்தாள். மேனேஜர் அதற்கும் கையெழுத்துப் போட்டார். அந்த வரி எதற்கு என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் போட்டார் என்றே அவள் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறாள்.

மேற்கு கேட்டுக்குப் பூட்டு விழுந்தது. மெள்ள மெள்ளக் கொட்டகைக்குக் கூட்டம் திரும்பி வந்தது. முதலில் சாக்கட்டி, அப்புறம் தொடர்கதை, அப்புறம் பால் புட்டிகள். வாட்ச்மேன் பெரியவர் பைகளின் முகத்தைத் திரும்பவும் பழகிக்கொண்டார்.

பூதம் மட்டும் திரும்பி வரவில்லை. தானாக ராஜினாமாச் செய்தவரைத் திரும்ப எடுப்பதில்லை என்று ஒரு விதி இருந்தது. சைரனக்கா மூன்று தடவை மேனேஜர் அறைக்குப் போய்க் கேட்டாள். அந்த விதி தலைமை அலுவலகத்துடையது. அதை மாற்ற அவருக்கும் கை எட்டாது. இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு பூதத்தின் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவள் நினைத்தாள். அடுத்த ஞாயிறு போகலாம் என்று நினைத்தாள். என்ன முகத்தோடு போவது என்று அந்த ஞாயிறு கழிந்தது. அப்படியே ஞாயிறுகள் கழிந்தன. எண்ணெய்க்காரர் தினமும் ஒன்று நாற்பத்தைந்துக்குக் கேட்டைத் தாண்டும்போது, அங்கே வந்து நிற்கும் அவளைப் பார்த்துத் தலையசைப்பார். அவளும் தலையசைப்பாள். பதினோரு வருஷம் அப்படியே தலையசைத்துக்கொண்டார்கள்.

பிறகு எல்லோரும் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். ஒருநாள் பகலில், மொத்தத் தொழிற்சாலையும் வேடிக்கை பார்க்க, உலையை அணைத்தார்கள். சிலர் அழுதார்கள். சைரனக்காவுக்கு வேறொரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அங்கே யாரும் அவளை அந்தப் பேரில் கூப்பிடவில்லை. கல்யாணம், இரண்டு பிள்ளைகள், அவர்கள் படிப்பு, ஓய்வு என்று காலம் ஓடிப்போயிற்று. மதியம் ஒன்றே முக்கால் ஆனால், எங்கே இருந்தாலும், அவள் காது காரணமில்லாமல் கூர்மையாகும். கொட்டகையின் சத்தத்தை மறுபடியும் ஒரு தடவை கேட்டுவிட மாட்டோமா என்று இருக்கும்.

போன வருஷம், ஓய்வூதிய அலுவலகத்தில், உயிரோடு இருப்பதைக் காட்டிக் கையெழுத்துப் போடுகிற வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். முன்னால் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்தார். எண்ணெய்க்காரர். முடியெல்லாம் வெளுத்து, உடம்பு வற்றி, ஆனால் அதே நிதானத்தோடு. இரண்டு பேரும் பழக்கதோஷத்தில் தலையசைத்தார்கள். வரிசை நாலடி நகர்ந்தது. அவர் யோசித்து முடித்துவிட்டுப் பேசினார்.

"அவ உங்களைப் பத்தி இன்னமும் கேக்கறா. நீங்க ஏன் வரவே இல்ல?"

விலாசத்தை அவள் வாங்கிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு என்று தள்ளிப் போடவில்லை. மறுநாள் காலையே போனாள்.

சின்ன வீடுதான், ஆனால் முன்னறை வீட்டுக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருந்தது. சுவரில் இடுப்பு உயரம் வரைக்கும் குழந்தைகளின் கிறுக்கல். யாரும் வெள்ளையடித்து மறைத்திருக்கவில்லை. பூதம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு பெருத்திருந்தது. எழுந்திருக்கவில்லை, முழங்கால் சரியில்லை என்றாள். உட்காரச் சொன்னாள். எண்ணெய்க்காரர் தேநீர் போடுவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனவர், வெகுநேரம் வெளியே வரவில்லை.

வேலையை விட்ட மறுமாதமே, குழந்தையை விட இடமில்லாத ஒரு பொறுக்குப் பிரிவுக்காரி தன் பிள்ளையை அவளிடம் கொண்டுவந்து விட்டாளாம். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் ஏழு, அப்புறம் பதினைந்து. கொட்டகை திரும்பி வந்தபிறகும் அவளிடம் வந்த குழந்தைகள் நிற்கவில்லை. தொழிற்சாலை மூடியபிறகும் நிற்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். முந்நூறுக்கு மேல் இருக்கும். சிலர் இப்போது தங்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போகிறார்கள்.

கேட்கக் கேட்க சைரனக்காவுக்கு மனம் லேசாகிக்கொண்டு வந்தது. நல்ல வாழ்க்கைதானே, எல்லாம் நல்லதற்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். பூதம் அதை அவள் முகத்திலேயே பார்த்துவிட்டாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். "ஆனா நான் கேட்டது அது இல்ல. நான் கேட்டது அந்த முக்காலி. அந்த வெளிச்சத்துக்கு முன்னாடி உக்காந்து, நூறு பாட்டில்ல ஒண்ணைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் எனக்கு இதுல ஒரு நாளும் வரல."

 தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு," என்றாள் பூதம். "நீ அந்தப் படம் போட்டப்போ எம் பொண்ணு ஞாபகம் வந்துச்சா?"

வரவில்லை என்று சொல்லிவிடலாம். சின்ன வயது, கணக்கு மயக்கம், கவனிக்கவில்லை என்று சொன்னால் யாராலும் மறுக்க முடியாது. இத்தனை வருஷமாக அவள் தனக்கே சொல்லிக்கொண்டு வந்ததும் அதுதான்.

"வந்துச்சு," என்றாள்.

"வந்தும் போட்டியா?"

"நீ எப்படியாவது சமாளிச்சுக்குவேன்னு நெனச்சேன். கோடு நேரா வந்துச்சு. அழிக்க மனசு வரல."

 பூதம் புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"வரலைன்னுதான் நீ சொல்லுவேன்னு நெனச்சேன். அதுக்குப் பதிலெல்லாம் தயார் பண்ணி வெச்சிருந்தேன். என்ன செய்யறது இப்ப அதையெல்லாம்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பாதியில் சிரிப்பு உடைந்தது. சைரனக்கா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பூதம் கையை விலக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, மேனேஜரிடம் சைரனக்கா அறிக்கை கொண்டுபோனது, பதினைந்து நிமிடம் வாங்கினது எல்லாம் தனக்கு அப்போதே தெரியும் என்றாள் பூதம். புருஷன் அன்றைக்கு ராத்திரியே வந்து சொல்லியிருந்தார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லையாம்.

"அதைக் கேட்டுட்டு, நீ வருவேன்னு வாசக்கதவைத் திறந்து வெச்சிருந்தேன். வேலை போனதுக்குக்கூட உன்மேல அவ்வளவு கோவம் இல்ல. அது ஏற்பாடு. யாரோ கேட்டாங்க, நீ போட்ட. ஆனா வீட்டுக்கு வராதது நீயே பண்ணது."

 சைரனக்கா ஆமாம் என்றாள்.

தேநீர் வந்தது. சர்க்கரை அதிகமாகிவிட்டது என்று பூதம் புருஷனை அதட்டினாள். வெளியூரில் இருக்கிற மகளைப் பற்றிப் பேச்சு வந்தது. அவளுக்கும் இப்போது ஒரு குழந்தை, அவள் அலுவலகத்தில் குழந்தைகளுக்கு ஒரு அறை வைத்திருக்கிறார்களாம், ஆனால் அதில் இடம் கிடைக்க ஒரு வருஷம் காத்திருக்க வேண்டுமாம். யார்தான் அப்படி ஒரு வழி செய்து வைத்தார்கள் என்று பூதம் கேட்டாள். யாராவது கணக்கில் முதலாக வந்தவளாக இருப்பாள் என்றாள் சைரனக்கா. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எண்ணெய்க்காரர் எதுவும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

புறப்படும்போது பூதம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. தெருமுனை பஸ் நிறுத்தம் வரைக்கும் கைத்தடியோடு கூடவே வந்தாள். நிழல் இருந்த பக்கமாகத் திண்டில் உட்கார்ந்தார்கள். தன்னிடம் வளர்ந்த ஒரு முரட்டுப் பிள்ளையின் கதையை அவள் சொல்ல ஆரம்பித்தாள்: தினமும் மற்றப் பிள்ளைகளின் செருப்பையெல்லாம் எடுத்துப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விடுவானாம். இப்போது அவன் கப்பலில் வேலை பார்க்கிறானாம். பஸ் வந்து நின்றது. கதை இன்னும் முடியவில்லை. அடுத்ததில் போகலாம் என்று சைரனக்கா நடத்துனருக்குக் கையைக் காட்டினாள்.